உச்சி வெயிலில் எரிந்த விளக்கு

பட்டியலிலிருந்து அருணகிரியின் பெயரை எல்லம்மாள் அடித்துவிட்டாள்; அதை அவன் நாலு வருஷம் மறக்கவில்லை. படாளத்தில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற ஆள் அவன். 2005இல், சூரிய விளக்கு மாட்டவும் பழுது பார்க்கவும் இளைஞர்களுக்குப் பயிற்சி தர மாமல்லபுரத்து அறக்கட்டளை ஒன்று பணம் ஒதுக்கியது. ஊரில் ஆள் எடுக்கும் பொறுப்பு மகளிர் குழுத் தலைவி எல்லம்மாளுக்கு. முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவன் அருணகிரிதான்.

“இருபத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கணுமாம். உனுக்கு நாப்பது. கெயவனுக்கு இன்னாத்துக்குப் பயிற்சி?” என்று எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டாள். டீக்கடையில் ஒரு மாசம் இதே பேச்சு.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. இருபது வருஷம் அடுத்தவன் கழனியில் நாற்று நட்டவள். கையெழுத்து மட்டும்தான் போட வரும். அந்தப் பணத்துக்காகச் செங்கல்பட்டில் பஸ் மாறி மாமல்லபுரத்துக்கு ஒன்பது தடவை போனாள். “நாளைக்கு வாம்மா” என்றால் சோற்று டப்பாவைத் திறந்து வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிடுவாள். நாளை வரைக்கும் இங்கேயே இருந்துவிடுவாளோ என்று பயந்து உள்ளே கூப்பிடுவார்கள்.

முதல் அணியில் பத்துப் பேர் கற்றுக்கொண்டு தெருவில் ஆறு விளக்கு நட்டார்கள். இந்த வேலை திருப்தியாக இருந்தால்தான் இரண்டாம் அணிக்குப் பணம். அந்தப் பட்டியலில் அருணகிரியின் மகள் ஸ்ரீதேவியும் இருந்தாள்.

அறக்கட்டளையிலிருந்து பார்வையிட வந்த பாலசுப்ரமணியன் ஜீப்பை விட்டு இறங்கியது உச்சி வெயிலில். கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்.

“ஒண்ணும் எரியலையே?”

“பகல்ல எரியாது சார். இருட்டுனா தானா எரியும்” என்றாள் எல்லம்மாள்.

“அதுவரைக்கும் நான் இருக்க முடியாதும்மா. பார்த்ததைத்தான் எழுதணும்.” பேனா மூடியைக் கழற்றினார்.

எல்லம்மாள் அருணகிரி கடைக்கு ஓடினாள். “ஏணி குடு.”

“கெயவன் ஏணி உனுக்கு இன்னாத்துக்கு?”

“கோவத்தயெல்லாம் அப்பால வெச்சுக்க. உன் பொண்ணு படிப்பு போய்கினு கீது, எடு!”

ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் ஏணியைப் பிடித்துக்கொள்ள, அவள் புடவையைச் செருகிக்கொண்டு மளமளவென்று ஏறி, இரண்டு கோணிப்பையைச் சூரியத் தகட்டின் மேல் போர்த்தினாள். வெளிச்சம் படாததும் தகடு பொழுது சாய்ந்துவிட்டதென்று நம்பிவிட்டது. விளக்கு பளிச்சென்று எரிந்தது.

“இருட்டிப்போச்சு சார், எய்திக்கோ! மிச்சம் அஞ்சுக்கும் ஏறட்டா?”

பாலசுப்ரமணியன் சிரித்துவிட்டார். “வேணாம்மா, முதல்ல இறங்கு.”

பணம் வந்தது. ஸ்ரீதேவி இன்றைக்குச் சிறுசேரிப் பக்கம் மாடி மாடியாக ஏறிச் சூரிய வெந்நீர்த் தொட்டி மாட்டுகிறாள். அப்பனைவிட அதிகச் சம்பளம்.

2009இல் மகன் ஜெபகுமாருக்கு முட்டுக்காட்டில் வேலை கிடைக்க, எல்லம்மாளும் அவனோடு புறப்பட்டாள். பஸ் படியில் கால் வைத்தவள், வழியனுப்ப வந்த அருணகிரி பக்கம் திரும்பினாள்.

“அண்ணாத்த, தகட்டுல தூசி படிஞ்சா வெளக்கு மங்கிடும். மாசம் ஒருக்கா ஏணி போட்டு ஆறையும் தொடச்சு வுட்டுடு. இதுக்கு வயசெல்லாம் கேக்கமாட்டாங்க.”