பன்னிரண்டு பாட்டிலும் பயத்தின் இங்கிலீஷ் பெயர்களும்

டீ ஊற்றுகிறவனுக்குக் காது கிடையாது என்பது எல்லா ஆபீசிலும் ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். ஹெப்பகோடிப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்களில் டிரே தூக்கும் சகாக்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எனக்குப் படிப்பு ஆறாம் வகுப்பு. ஒன்பது வருடம் காதில்லாமல் நின்றதில் இங்கிலீஷ் கொஞ்சம் சேர்ந்துவிட்டது.

அன்று மூன்றாம் மாடியில் இருந்தவர்கள்: புரோகிராம் எழுதுகிறவர்கள் இருபத்திரண்டு, அதில் தப்பு கண்டுபிடிக்கிறவர்கள் ஒன்பது, இந்த இரண்டு கூட்டத்தையும் வேலை வாங்கும் மேனேஜர்கள் நான்கு, ரிசப்ஷனில் ஒருவர், எச்.ஆர். அனிதா மேடம். ஆக முப்பத்தேழு. துடைக்கிற மேரியக்காவும், டீ போடும் பேன்ட்ரியில் முனியப்பாவும் நானும் அந்தக் கணக்கில் வரமாட்டோம். ஆனால் எங்கள் பிழைப்பு அந்தக் கணக்கில்தான். மாடியில் இருபத்தைந்துக்கு மேல் ஆள் இருந்தால் பேன்ட்ரிக்கு இருவர், இருபத்தைந்தோ அதற்குக் கீழோ என்றால் ஒருவர் போதும் என்பது கான்ட்ராக்ட்.

ஒன்பது மணிக்கு அனிதா மேடம் கண்ணாடி அறையில் பன்னிரண்டு சின்ன வாட்டர் பாட்டிலும் ஒரு டிஷ்யூ பெட்டியும் வைக்கச் சொன்னார். பிறந்தநாள் என்றால் கேக் கேட்பார்கள், மீட்டிங் என்றால் பிஸ்கட். தண்ணீரையும் டிஷ்யூவையும் சேர்த்துக் கேட்டால் ஆட்களை அனுப்பப் போகிறார்கள் என்று அர்த்தம், தலைக்கு ஒரு பாட்டில். முப்பத்தேழில் பன்னிரண்டு போனால் இருபத்தைந்து. இரண்டு முறை கழித்துப் பார்த்தேன், மாறவில்லை.

கன்சர்ன்

மேனேஜர்கள் நால்வரும் ஒன்பதரைக்குக் கூடினார்கள். பயம் என்று ஒருவரும் சொல்லவில்லை. தங்களுக்கு ஒரு சின்ன கன்சர்ன் மட்டும் உண்டு என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டார்கள். அந்தச் சின்ன கன்சர்னில், ஆறு வருடமாகச் சர்க்கரையில்லாமல் குடிக்கும் மூத்த மேனேஜர் பக்கத்துக்காரரின் சர்க்கரை டீயைக் குடித்து முடித்தார். கீழே வைத்த பிறகும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவர் மட்டும் பேன்ட்ரிக்கு வந்தார். அந்த வாசலில் அவரை நான் பார்த்தது அதுவே முதல் தடவை. நான் ஏலக்காய் டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அங்கிள், உள்ளே எத்தனை பாட்டில் வெச்சீங்க? சும்மா, ஒரு கன்சர்ன்ல கேக்கறேன்."

பட்டர்ஃபிளைஸ்

தப்பு கண்டுபிடிக்கிற ஒன்பது பேரில் அல்சூர் ஷாலினி ஒருத்தி. வயிற்றில் பட்டாம்பூச்சி பறக்கிறது என்று போனில் யாரிடமோ இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்க அழகாகத்தான் இருந்தது. பத்து மணிக்குள் பட்டாம்பூச்சி அவளை ஐந்து முறை பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனது. மோர் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். மேரியக்காவுக்கு மட்டும் இந்தப் பூச்சி பிடிக்கவில்லை: "இந்த மாடிக்கே பூச்சி புடிச்சிருக்குதுண்ணா, காலையிலேர்ந்து நாலு பேப்பர் ரோல் மாத்திட்டேன்."

டோன்ட் பானிக்

பத்தரை மணிக்கு எல்லோருக்கும் ஒரு மெயில் வந்தது. யாரும் பானிக் ஆக வேண்டாம் என்று எழுதியிருந்ததாம். அதுவரை பாதிப் பேர் நிம்மதியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெயிலைப் படித்த பிறகுதான் பானிக் ஆக வேண்டியிருப்பது அவர்களுக்குத் தெரிந்தது. பிரின்டர் முன்னால் பத்தொன்பது பேர் நின்றார்கள். சம்பளச் சீட்டு, அனுபவச் சான்று, பாராட்டிதழ் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் அச்சடித்தார்கள். வரிசையில் ஏழாவதாக நின்ற அடுகோடி கார்த்திக் என்னைப் பார்த்துச் சிரித்தான். "பானிக்லாம் ஒண்ணுமில்ல அங்கிள். பேப்பர் இன்னொரு கட்டு இருக்குதா?"

ஆங்சைட்டி

அதே கார்த்திக் பதினொரு மணிக்கு மறுநாள் லீவு கேட்டான். பத்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது. எப்படி என்று கேட்க எனக்குக் கூச்சம், அவனே சொன்னான். மூன்றாவது ஆளாக அவனைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டது அதற்கப்புறம்தான். லீவு மறுநாளோடு முடியாது என்று அப்போது அவனுக்குத் தெரியாது, பெருமையாக இருந்தான்: "பயம்னு எழுதினா ரிஜெக்ட் பண்ணுவாங்க அங்கிள். ஆங்சைட்டின்னு எழுதினா உடனே அப்ரூவ்."

முனியப்பா

முனியப்பாவுக்குக் கன்னடமும் தமிழும் தெரியும், இங்கிலீஷ் வராது. மத்தியானம் பாட்டில் கணக்கைக் கேட்டான். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. விரல் விட்டு எண்ணினான், இருபத்தைந்தில் நின்றான். கையிலிருந்த டிரேயை என் பக்கம் நீட்டினான். நான் வாங்கி வைத்தேன். எங்கள் இருவரில் ஒருவர்தான் மிஞ்சுவோம். அவனுக்கு வயது நாற்பத்தொன்று, எனக்கு அறுபத்திரண்டு, எங்கள் கான்ட்ராக்ட் சூப்பர்வைசருக்கு எண்ணத் தெரியும். கடைசியில் அவன் கேட்டது இதுதான்: "எனக்கு பயமா இருக்குதுண்ணா. இதுக்கு அவங்க என்னன்னு சொல்வாங்க?"

பன்னிரண்டாவது பாட்டில்

நான்கு மணிக்குள் பதினோரு பேர் உள்ளே போய் வந்தார்கள். மூத்த மேனேஜர் ஐந்தாவது. ஷாலினியைக் கூப்பிடவில்லை. பிறகு அனிதா மேடம் முடிந்தது என்றார். மேஜையில் பதினோரு காலி பாட்டில், சீல் உடையாத ஒன்று. மாடியில் இருபத்தாறு பேர். முனியப்பாவிடம் தூரத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டினேன், இருவரும் உண்டு என்று. அவன் இரண்டு கப்பில் டீ ஊற்றினான்.

காலி பாட்டில்களை எடுக்கப் போனபோது அனிதா மேடத்துக்கு லேப்டாப்பில் தலைமை ஆபீசிலிருந்து அழைப்பு வந்தது. வெளியே நின்றேன். எட்டு நிமிடம். கதவு திறந்தபோது பன்னிரண்டாவது பாட்டில் அவர் கையில் பாதியாக இருந்தது. என்னிடம் அவர் இங்கிலீஷ் எதுவும் பேசவில்லை. "ஹெட் ஆபீஸ் மெயில்ல பன்னெண்டுன்னு இருந்துது அங்கிள். லிஸ்ட்ல பதினோரு பேர்தான். எண்ணத் தெரியாம எழுதிட்டாங்கன்னு நினைச்சேன்."

ஆக, ஒரே நாளில் பயத்துக்கு நான்கு இங்கிலீஷ் பெயர் கேட்டேன், என்னை அனுப்பி வைப்பதற்கு 'ரெஸ்ட்' என்று ஐந்தாவதாக ஒன்றைச் சூப்பர்வைசர் போனில் சொல்லிக்கொடுத்தார், அவர் போனை வைத்தபோது மாடியில் மீதி இருபத்தைந்து, பேன்ட்ரியில் மீதி ஒன்று.