தட்டு ஓரத்துக் கடுகு

மகளின் விரல்களில் பலம் போதவில்லை என்று எல்கேஜி டீச்சர் சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. கவலை வீட்டுக்கு வந்த பிறகுதான்.

சேலையூர் கேம்ப் ரோட்டில் அவள் பள்ளி. குழந்தைகளுக்கான குட்டி நாற்காலியில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தேன்.

"பென்சிலை அஞ்சு விரலாலயும் கொத்தா பிடிக்கறா மேடம். பட்டன் போட வரல. டிபன் பாக்ஸ் திறக்கவே டைம் ஆகுது. வீட்ல யாரு ஊட்டறாங்க?"

"நான்தான்."

"நிறுத்திடுங்க. அவளே பிசைஞ்சு சாப்பிடட்டும். ரெண்டு விரலால சின்னச் சின்னதா எடுத்துப் பழகினா எழுத்தும் தானா வந்துடும்."

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் எதை நிறுத்தச் சொல்கிறார் என்று அவருக்குத் தெரியாது. என் ஆபீஸ் பள்ளிக்கரணைப் பக்கம். காலையில் அவளை எழுப்பிக் குளிப்பாட்டி வேனில் ஏற்றுவது அவள் அப்பா. பிறகு அவர் மறைமலை நகருக்கு செகண்ட் ஷிஃப்ட் போய்விடுவார். பள்ளி விட்டதும் அவள் கீழ் வீட்டு அக்காவிடம். நான் டிராபிக்கில் வெந்து வீடு வந்து சேரும்போது எனக்கென்று மிச்சமிருப்பது அந்த ஒரு தட்டு ராத்திரிச் சோறுதான். அதையும் நிறுத்திவிட்டால் அப்புறம் நான் எதற்கு அம்மா?

கீழ் வீட்டு அக்காவிடம் புலம்பினேன். அவர்களுக்கு மேற்குத் தாம்பரத்தில் துணிக்கடை. அக்கா சிரித்தே விட்டார்.

"இன்னாம்மா இது பேஜாரு? எங்க பெரியவனுக்கு ஏழு வயசு வரைக்கும் நான்தான் ஊட்டினேன். இப்ப கடைல எம்மாம் ஜோரா துணி கிழிக்கிறான்! கை இன்னா ஒடிஞ்சா பூட்ச்சு?"

டீச்சர் சொன்னதும் சரியாகப் பட்டது, அக்கா சொன்னதும் சரியாகப் பட்டது. எனக்குத் தலை சுற்றியது. சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்யும்போது நான் மட்டும் கண்ணைத் திறந்து அவள் கைகளைப் பார்ப்பேன். விரலுக்குள் விரல் அழகாகக் கோத்துத்தான் இருக்கும். இந்த விரலுக்கா பலம் இல்லை? ஆண்டவரே, எனக்கு ஒன்றும் புரியவில்லை என்பதுதான் அந்த நாட்களில் என் ஜெபம்.

கடைசியில் டீச்சருக்குப் பயந்து நிறுத்தினேன். தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு, என் வலது கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தொடைக்கடியில் போட்டு உட்கார்ந்தேன். பாதிச் சோறு தரையில், கொஞ்சம் தலைமுடியில். "ஊட்டி விடும்மா" என்று ஒரு தடவையாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவே இல்லை. அழக்கூட இல்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

அதோடு சாப்பாடு முடியவே முடியாது. நான் ஊட்டிய காலத்தில் கடிகாரத்தில் ஒரு கண் வைத்து, உருண்டை மேல் உருண்டையாகத் திணித்து, ஆபீஸ் போன் வருவதற்குள் வாய் துடைத்துவிடுவேன். இப்போதோ போன் வரும் நேரம் தாண்டியும் தட்டு காலியாவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த தடவை பள்ளிக்குப் போனபோது டீச்சர் முகமெல்லாம் சிரிப்பு. "இப்ப பட்டனெல்லாம் அவளே போட்டுக்கறா. பென்சிலும் பரவாயில்ல. லஞ்ச் டைம்ல கிளாஸ்லயே இவதான் ஃபர்ஸ்ட் முடிக்கிறா!"

பள்ளியில் முதல் ஆள், வீட்டில் ஆமை. மறுபடியும் குழம்பிப் போனேன்.

அன்று ராத்திரி தயிர்சாதம். உற்றுப் பார்த்தேன். தாளித்த கடுகை ஆள்காட்டி விரலாலும் கட்டைவிரலாலும் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டு ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றுகூட நழுவவில்லை. எனக்கே அவ்வளவு சுத்தமாக வராது.

"ஏன்டி கடுகைப் பொறுக்கற? ஸ்கூல்ல சீக்கிரம் சாப்பிடறியாமே, இங்க மட்டும் ஏன் இவ்ளோ நேரம்?"

"ஸ்கூல்ல நீ இல்லையே."

"அதுக்கு?"

"நீ ஊட்டினா டக்குனு முடிஞ்சிடும். நீ லேப்டாப்கிட்ட போயிடுவ. நானே சாப்பிட்டா, முடியற வரைக்கும் இங்கயே உக்காந்திருப்ப இல்ல?"

சொல்லிவிட்டு அடுத்த கடுகை எடுக்கக் குனிந்தாள். உள்ளறையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் தயிர்சாதம் தாளிக்கும்போது கடுகைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டேன்.