சனிக்கிழமைக் காய்

எங்கள் தெருவில் அவரைத் தையலக்கா என்றே அனைவரும் அழைப்பர். முன்னறையில் ஒரு தையல் இயந்திரம், அதன்மேல் சரிசெய்யக் காத்திருக்கும் பள்ளிச் சீருடைகள், சன்னலோரம் கணவர் சாய்ந்திருக்கும் பிரம்பு நாற்காலி. அவருடைய உலகம் பெரும்பாலும் இவ்வளவுதான். கணவர் பேருந்து ஓட்டுநர். குடலில் கட்டி என்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட பின், வேலைக்குத் திரும்ப இயலாமல் வீட்டோடு இருந்தார்.

மருத்துவமனைக்குப் பார்க்க வந்த நாத்தனார் போகிற போக்கில் சொன்னார்: "எங்க வீட்ல இருந்தவரைக்கும் அண்ணனுக்கு ஒரு தும்மல் வந்ததில்ல. கண்ட கடையில மருந்தடிச்ச காயை வாங்கிப் போட்டா உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

தையலக்கா இத்தனை ஆண்டுகளும் தம் கையாலேயே கணவருக்கு விஷம் வைத்துவிட்டதாக அன்றே நம்பத் தொடங்கினார். அதன்பின், அதுவரை காய் வாங்கிவந்த தெருவின் முனைக்கடைப் பக்கம் அவர் தலைவைத்தும் படுக்கவில்லை. சனிக்கிழமைதோறும் பேருந்து நிலையத்தின் பின்புறம் கடை விரிக்கும் இயற்கை விவசாயி ஒருவரிடம் மட்டுமே காய் வாங்கினார். விலை அதிகம், ஆதலால் அளவு குறைவு. செவ்வாய்க்கிழமைக்குள் கூடை காலியாகிவிடும். பிறகு சனிக்கிழமை வரை வெறும் சோறும் பருப்பும்தான்.

மறுபரிசோதனையில் கணவரின் எடை மேலும் இறங்கியிருந்தது.

"காய்கறி தினமும் உள்ள போகணும். இப்படியே இளைச்சா அடுத்த சிகிச்சையைத் தாங்க மாட்டார்," என்றார் மருத்துவர்.

"இயற்கைக் காய்தானே டாக்டர் நல்லது?"

"மருந்தோட மிச்சம் அதுல கம்மிதாம்மா. ஆனா அதைச் சாப்பிட்டா நோயே வராதுன்னு யாரும் நிரூபிக்கல. எந்தக் காயா இருந்தாலும் நல்லா கழுவிக் குடுங்க. குடுக்காம இருக்கிறதுதான் தப்பு."

தையலக்கா 'மருந்தோட மிச்சம் அதுல கம்மி' என்பதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அந்த வியாழக்கிழமை நூல்கண்டு வாங்கப் போனவர், முனைக்கடையில் அந்த விவசாயியே நிற்பதைக் கண்டார். அவர் பையில் கடைக் கோஸ் ஒன்று எட்டிப்பார்த்தது.

"ஏன் தம்பி, இயற்கை இயற்கைன்னு எங்க தலையில மிளகாய் அரைச்சிட்டு, நீ இதைத்தான் தின்றியா?"

"ஐயோ அக்கா, மெதுவா! என் கோஸைப் புழு தின்னு தீர்த்திடுச்சு. அதுக்காக எம்பிள்ளைங்க காயே திங்காம கிடக்குமா?"

"அப்ப இதுல விஷம் இல்லையா?"

"கழுவித்தான் போடுவோம். நான் மருந்தை விட்டது திங்கிறவங்களுக்காகன்னா நினைச்சீங்க? தெளிச்சா கையெல்லாம் கொப்புளம், மூச்சு முட்டும். அடிக்கிறவனுக்குத்தான் அக்கா பெரும்பங்கு. உங்க தட்டுக்கு வர்றது ஏதோ கொஞ்சம்."

தையலக்கா சற்று நேரம் அவர் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கடைக்காரரிடம் ஒரு கோஸ் கேட்டார்.

"வாங்கக்கா! வழி மறந்துபோச்சோன்னு நினைச்சேன்," என்றார் கடைக்காரர்.

மதியம் தட்டைப் பார்த்த கணவருக்கு வியப்பு. "இன்னைக்கு வியாழனாச்சே! கோஸ் எங்கிருந்து குதிச்சுது?"

"முனைக்கடைதாங்க. நல்லா கழுவிட்டேன்." அவர் குரல் இறங்கியது. "முன்னாடியும் அங்கதானே வாங்கினேன்... உங்களுக்கு இப்படி ஆனது என்னாலதானோன்னு..."

கணவர் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். "அடி பைத்தியமே! அதே சட்டியிலதானே நீயும் தின்னே? அந்த விஷம் உன் வாய்க்குப் பயந்து ஒதுங்கிப் போயிடுச்சா?"

இதைக் கேட்டு மனைவி சிரித்ததாகக் கணவர் உறுதியாகச் சொல்கிறார். அழுததாகவே தையலக்கா சொல்கிறார். கோஸ் மிச்சமில்லை என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போகின்றனர்.

சனிக்கிழமைகளில் இன்றும் அவர் அந்த விவசாயியிடம் வாங்குகிறார். காரணம் கேட்டால், "அவன் கை நல்லா இருக்கட்டுமே," என்பார். மற்ற நாள்களில் முனைக்கடை. கணவரின் எடை மெதுவாகக் கூடிவருகிறது.