அடுப்பைச் சொன்னால்தான் எண்ணெய்

நிலாவெளியில் எங்கள் கடையில் வள்ளத்து எஞ்சினுக்குப் பெற்றோலும் அடுப்புக்கு மண்ணெண்ணெயும் விற்கிறோம். போன மாதம், கடற்கரையில் கூடாரம் போட்டிருந்த ஜெர்மன்காரர் ஒருவர் போத்தலை நீட்டி, "பெற்றோலியம்" என்றார். என் கணவர் பெற்றோலை ஊற்றிக் கொடுத்தார். வள்ளம் இல்லாத மனிதருக்கு இது எதற்கு என்று எனக்கு உறுத்தியது. சைகையால் கேட்டேன். பம்ப் அடித்துப் பற்றவைக்கும் அடுப்பை அவர் நடித்துக் காட்டினார். பாய்ந்து போத்தலைப் பறித்தேன்.

அவர் கத்தத் தொடங்கினார். "விடப்பா, கேட்டதைத்தானே குடுத்தனான்," என்றார் கணவர்.

"ஏலாது! ஆளைக் கொளுத்தவோ?" என்றேன்.

இரண்டு எண்ணெயையும் அவர் மூக்கருகே பிடித்தேன். மண்ணெண்ணெய்க்குத் தலையாட்டினார். பெற்றோலை முகர்ந்ததும் முகம் வெளிறிவிட்டது. பிறகு விசாரித்ததில், அவர்களுடைய மொழியில் மண்ணெண்ணெய்க்குத்தான் பெற்றோலியம் என்று பெயராம்.

இப்போது யார், எந்த மொழியில் கேட்டாலும், எதில் ஊற்றப்போகிறார்கள் என்று அவர்கள் சொல்லாமல் நான் போத்தலைத் தொடுவதில்லை. "கடைக்காரி பொலிஸ் விசாரணை வைக்கிறா" என்று ஊர் சிரிக்கிறது. சிரிக்கட்டும். சிரிப்பதற்கு எல்லாரும் எரியாமல் முழுசாக இருக்கிறார்களே!