பால் ஊத்தியாச்சு

என்னை ஆஸ்பத்திரிக்குள் விடமாட்டேன் என்று டாக்டர் சொன்னதற்குக் காரணம் என் வாய்தான். என் வீட்டுக்காரிக்கு வந்திருந்தது வாய்ப்பூட்டு ஜன்னி. டாக்டர் டெட்டனஸ் என்றார். பல் கிட்டிப்போய், முதுகு வில்லாக வளைந்துவிடும். பேச்சுச் சத்தம் கேட்டால் இழுக்கும். கட்டிலில் யார் கை பட்டாலும் இழுக்கும். ஜன்னலைச் சாத்தி, கறுப்புத் துணி தொங்கவிட்டு இருட்டில் போட்டிருந்தார்கள். நானோ சும்மா இருக்கத் தெரியாதவன். வலிக்கா, தண்ணி வேணுமா, என்னைத் தெரியுதா என்று குனிந்து குனிந்து கேட்பேன். கேட்கும்போதெல்லாம் அவள் உடம்பு கட்டிலை விட்டு எழும்பி விழும். டாக்டர் என் கையைப் பிடித்து வராந்தாவுக்குக் கூட்டிவந்தார்.

"உங்க பிரியமே அவளைக் கொன்னுடும். ஊருக்குப் போய் இருங்கோ" என்றார்.

வினை காதிலிருந்து வந்தது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே காதை வடித்து, தோளைத் தொடும்படி தொங்கவிட்டுக் கனத்த பாம்படம் போடுவார்கள். எங்களுக்குக் கல்யாணமான காலத்தில் இளவட்டப் பெண்களுக்கு அது கூச்சமாகிவிட்டது. தொங்குகிற காதை அறுத்துத் தைத்துச் சிறிசாக்கி, கம்மல் போட்டுக்கொள்ள ஆசைப்பட்டார்கள். குற்றாலத்தில் சாரல் காலத்தில் அருவிக்குப் போகிற கடைத்தெருவில் ஒரு ஆள் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்வான். குளிக்கப்போன இடத்தில் இவளும் தைத்துக்கொண்டு வந்தாள். காது ஆறிக்கொண்டுதான் வந்தது. பிறகு ஒருநாள் காலையில் பழையது சாப்பிட வாய் திறக்கமாட்டேங்குது என்றாள். பல்லைக் கடித்தபடியே சொன்னாள். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தடவினோம். பொழுது சாய்வதற்குள் முகம் ஒரு பக்கமாகச் சிரிக்கிற மாதிரி கோணிக்கொண்டது. வண்டியைப் பூட்டித் தென்காசிக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். காது தைத்து இந்த நோய் வந்து அவர் பார்த்ததில்லையாம். ஊசியைப் போட்டுவிட்டு, தைத்தது என்றைக்கு, என்ன நூல், அந்த ஆள் ஊசியை எதில் துடைத்தான் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். இது சென்னையில் டாக்டர்மார் படிக்கிற பத்திரிகைக்கு எழுதி அனுப்பவேண்டிய கேஸ் என்றார். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கேஸ் என்றதும் எனக்குக் கோர்ட்டுதான் ஞாபகம் வந்தது. யார்மேல் கேஸ், சாட்சி சொல்ல சென்னைவரைக்கும் போகவேண்டிவருமோ என்று அதையும் சேர்த்துக் கவலைப்பட்டேன்.

கூட இருக்க என் மாமியாரை மட்டும் அனுமதித்தார்கள். அவள் நடந்தால்கூடச் சத்தம் கேட்காது. மருமகனோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. எனக்குச் சொல்லவேண்டியதைத் தூணைப் பார்த்தோ, பக்கத்தில் நிற்கிறவர்களிடமோ இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விடுவாள்.

நான் சுந்தரபாண்டியபுரத்துக்குத் திரும்பினேன். வயலுக்குப் போனேன், வந்தேன். மடையைத் திறந்துவிட்டு அடைக்க மறந்து அங்கேயே நிற்பேன். கண்ணை மூடினால் கட்டில் எழும்பி விழுகிற சத்தம். பயந்து பயந்து, கடைசியில் பயப்படக்கூட உடம்பில் தெம்பில்லாமல் போயிற்று. சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் அக்கா வந்து தட்டை எடுத்துக்கொண்டு போவாள்.

அப்படி இருக்கும்போதுதான் தென்காசிக்கு வாழைத்தார் ஏற்றிப்போன எங்களூர் வண்டிக்காரர் திரும்பிவந்து எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தினார். அக்கா முற்றத்தில் நெல்லைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, ஒங்க மாமியா சொல்லச் சொன்னாவ. பால் ஊத்தியாச்சாம். ஒங்கள ஒடனே வரச் சொல்லுதாவ."

இதற்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். உயிர் பிரிகிற நேரத்தில் வாயில் பால் ஊற்றுவோம். ஊற்றியாச்சு என்றால் முடிந்துபோயிற்று என்றுதான் பொருள். வண்டிக்காரரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா நெல்லை அப்படியே போட்டுவிட்டுத் தெருவில் அலறிக்கொண்டு ஓடினாள். என் வீட்டுக்காரியின் பிறந்த வீட்டுச் சனம் இருக்கிற வடகரைக்கு ஆள் போயிற்று. பச்சை மூங்கில் வெட்டச் சொல்லி யாரோ குரல் கொடுத்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இனிமேல் கவலைப்பட ஒன்றும் மிச்சமில்லை என்று மட்டும் தோன்றியது. அந்த நினைப்பிலேயே வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

பெண்கள் இன்னொரு வண்டியில் வந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினதும் அக்கா கூந்தலை அவிழ்த்துவிட்டுக் குரலெடுத்தாள்.

"காதறுத்துக் கம்மல் போட்ட எங்கிளியே, கம்மலோட காட்டுக்குப் போனியே..."

மற்றவர்கள் மாரில் அடித்துக்கொண்டு சேர்ந்தார்கள். அக்கா அடுத்த அடியைத் தொடங்குவதற்குள் வராந்தாவிலிருந்து என் மாமியார் ஓடிவந்தாள். கையில் குழந்தைக்குப் புகட்டுகிற பாலாடை. தூணையும் பார்க்கவில்லை, பக்கத்து ஆளையும் தேடவில்லை. நேராக என் முகத்துக்கு எதிரே வந்து நின்றாள்.

"அவளுவ வாயப் பொத்துங்க. புள்ள உசிரோட கெடக்கா."

அன்றைக்குக் காலையில் வாய்ப்பூட்டு கொஞ்சம் தளர்ந்து, பல் இடுக்கு வழியாகப் பால் ஊற்றினார்களாம். உள்ளே இறங்கிற்றாம். வாய்வழியாக ஒன்றும் போகாமலே கிடந்தவளுக்கு முதல் ஆகாரம் அது. நானும் வந்து எட்டிப்பார்க்கட்டும் என்று அந்தச் சந்தோஷத்தைத்தான் வழக்கம்போல இரண்டு வார்த்தையில் சொல்லி அனுப்பியிருந்தாள்.

அக்கா வாயை மூடிக்கொண்டாள். அப்போது உள்ளேயிருந்து இரும்புக் கட்டில் தரையில் இடிக்கிற சத்தம் கேட்டது. டாக்டர் ஓடுவது தெரிந்தது. மாமியாரும் ஓடினாள். நாங்கள் தெருவில் நின்றோம், தலைவிரி கோலமாக, மாரில் அடித்த கையைத் தொங்கவிட்டுக்கொண்டு. கட்டில் இடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. நல்லதுக்கு நின்றதா கெட்டதுக்கு நின்றதா என்று யாரிடம் கேட்பது? கேட்க வாயைத் திறக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இருக்கா" என்றார். இத்தனை பேர் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். அக்கா திரும்பி நின்று தலையை அள்ளி முடிந்தாள். அதற்குப் பிறகு வடகரைச் சனம் கோடிச் சேலையும் கையுமாக வரத் தொடங்கிற்று. ஒவ்வொருவராகத் தெருமுனையிலேயே மறித்து, வாயைப் பொத்தி, விஷயத்தைக் காதில் சொல்லவேண்டியிருந்தது. அந்த வேலையை எனக்குத்தான் கொடுத்தார்கள். சத்தம் போடாமல் பேச நான் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

அவள் பிழைத்து வீட்டுக்கு வந்து வெகுகாலம் கழித்து, டாக்டர் எழுதினது அச்சாகி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது கம்பவுண்டர் அதை எங்கள் இரண்டு பேருக்கும் தமிழில் சொன்னார். அதில் அவள் பெயர் இல்லை. விவசாயக் குடும்பத்து இந்துப் பெண் என்று இருந்தது. பால் உள்ளே போனது ஒரு வரி. வெளியே திடீரென்று எழுந்த சத்தத்தால் கடுமையான இழுப்பு என்று அடுத்த வரி. என்ன சத்தம் என்று போட்டிருக்கா என்று கேட்டேன். இல்லை என்றார். அது போதும் என்றிருந்தது எனக்கு.

வீடு திரும்பியதும் அவள் உலைக்குத் தண்ணீர் வைத்தாள். பிறகு தனக்கு அன்றைக்கு எல்லாம் கேட்டது என்றாள். இருட்டில் கிடக்கும்போது மதினி குரல் வந்ததாம். சரி, நாம் போய்விட்டோம்போல என்று நினைத்தாளாம். பயம் இல்லையாம், ஒரே அசதியாம். மதினி அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று காதைக் கொடுக்கும்போதே இழுத்துவிட்டதாம்.

"இந்த வீட்டுல நான் எத்தன ஒல ஏத்தி எறக்கிருப்பேன். ஒங்க அக்காவுக்கு அழுகதுக்குக் கம்மல்தான் கெடச்சிருக்கு" என்றாள். அரிசியைக் களைந்துகொண்டே, "நெசமாவே நான் போகையில அவியள முன்னால விடாதீங்க" என்றாள்.

சரி என்று தலையாட்டினேன். அக்கா என்னைவிட மூத்தவள், என்னைவிடத் திடமானவளும்கூட. எங்கள் மூன்று பேரில் யார் முந்துவோம், அக்காவைத் தடுக்க அன்றைக்கு நான் இருப்பேனா என்கிற கவலை அப்போது பிடித்துக்கொண்டது.