சேற்றில் உட்கார்ந்த படகு

இதைச் சொல்ல எனக்கு இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் நானும் ரேவதியும் ஒரே ஷிஃப்ட். அவள் பழவேற்காட்டு மீனவக் குடும்பத்துப் பெண். நான் பொன்னேரிப் பக்கம் நெல் போடுகிற வீட்டுப் பையன். அவளிடம் விஷயத்தைச் சொல்லாமல், பூநாரை பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிக் கூட்டிப்போய், அவள் ஊர் ஏரியிலேயே, அவற்றுக்கு நடுவே, கல்யாணத்துக்குக் கேட்கத் திட்டம் போட்டேன்.

"கடல் எறங்கி ஏரித் தண்ணி வத்துற நேரம் தம்பி, காலைல வாங்க" என்றார் படகுக்காரர். மாலை வெயிலில்தான் போட்டோ நன்றாக வரும் என்று நான் அடம்பிடித்தேன். ரேவதி லேசாகச் சிரித்தாள்.

ஏரி நடுவில் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. படகுக்காரர் கழியை ஊன்றித் தள்ளியும் அசையவில்லை. நான் பாக்கெட்டில் மோதிரத்தைத் தடவியபடி விழித்தேன். ரேவதி சுடிதாரை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு குதித்தாள். காலால் துழாவி, ஆழமுள்ள பக்கம் கண்டுபிடித்து, படகின் முனையைத் திருப்பினாள். கம்பெனியில் மெஷின் முன்னால் குனிந்தே இருக்கிறவள், ஏரி முழுக்கத் தன் வீடு என்பதுபோல் நின்றாள்.

என்னையறியாமல் கேட்டுவிட்டேன். "என்னைக் கட்டிக்கிறியா?"

"இதுக்குத்தான் பாக்கெட்ட தடவிக்கினே வந்தியா? மொதல்ல எறங்கித் தள்ளு."

இறங்கினேன். சேறு காலை இழுத்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். படகு நகர்ந்ததும் பூநாரைகள் மொத்தமாக எழும்பின. போட்டோ எடுக்கத் தோன்றவே இல்லை.

மெஷின் பக்கத்தில் மோதிரம் போடக் கூடாது. அதனால் கல்யாணமாகியும் அது எங்கள் பீரோவிலேயே கிடக்கிறது. அவள் பிடித்த பிடிதான் இன்னும் என் கையில் இருக்கிறது.