இமைக்கு நாள் குறித்த கதை

செய்தி வந்தபோது மதியம் பன்னிரண்டு பத்து. கண்ணாடிக் கடையில் அவள் ஒரு வாத்தியாருக்கு மூக்கில் நிற்காத ஃபிரேமை வளைத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். கிளினிக்கிலிருந்து போன். வியாழக்கிழமை இமை அறுவைச் சிகிச்சைக்கு இருந்தவர் தள்ளிப்போட்டுவிட்டாராம். அந்த இடம் வேண்டுமென்றால் ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும்; விட்டால் இன்னும் ஏழு மாதம்.

மேல் இமையில் தொங்கும் தோலைக் கொஞ்சம் எடுத்துத் தைக்கிற வேலை அது. அவள் நாலு வருஷமாக ஆசைப்பட்டது. எட்டு மணி நேரம் அடித்துப்போட்டதுபோல் தூங்கி எழுந்து வந்தாலும், "ஏம்மா, ராத்திரி தூங்கலையா?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். அதற்காகவே பவர் இல்லாத கண்ணாடியைத் தடித்த ஃபிரேமில் மாட்டிக்கொண்டு திரிந்தாள்.

"எப்ப வெச்சுக்கலாம்?" என்று டாக்டர் கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது. அவள் பதில் சொல்லாததற்குக் கத்தி காரணமில்லை. அந்த இமை அப்பாவுடையது. 'அப்பனை அப்படியே உரிச்சு வெச்சிருக்கு' என்று பிறந்த அன்றே பெயர் வாங்கியவள். அதை வெட்டிக்கொள்ளப் போகிறேன் என்று எந்த வாயால் அவரிடம் சொல்வது? வீட்டில் இருப்பதோ அவரும் அவளும் மட்டும்.

அப்பா முப்பத்தொரு வருஷம் ஒரு கிடங்கு வாசலில் வாட்ச்மேனாக இருந்தவர். காவல்காரனுக்குத் தூங்குமூஞ்சி வாய்த்தால் பிழைப்பு என்ன ஆகும்? பணி நேரத்தில் தூங்கியதாக மூன்று மெமோ, மூன்றும் ஒரே சூப்பர்வைசர் கொடுத்தது. மூன்று முறையும் அப்பா விழித்துக்கொண்டுதான் இருந்தார். கடைசி முறை சூப்பர்வைசர் பூனைபோல் வந்து மூக்குக்கு நேரே விரலை ஆட்டிப் பார்த்தார். "விரல்ல மை ஒட்டியிருக்கு சார்" என்றார் அப்பா. அப்படியும் மெமோ வந்தது.

ஐந்து மணிக்குள் சொல்லியாக வேண்டும். கடைக்கார அண்ணனிடம் அனுமதி கேட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். குளியலறைக் கதவு திறந்திருந்தது. அப்பா கண்ணாடி முன்னால் நின்றார். இரண்டு இமைகளையும் இழுத்துப் புருவத்தோடு பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். கண் இரண்டும் ஆந்தை முழி.

"என்னப்பா இது கோலம்?"

"நீ ஏன் இந்நேரத்துக்கு வந்தே?"

"முதல்ல நீங்க சொல்லுங்க."

"சும்மா... இப்படி இருந்தா எப்படி இருக்கும்னு பாத்தேன்."

"எத்தனை நாளா இது நடக்குது?"

"ரெண்டு மூணு வருஷமா" என்றார், திருடன் அகப்பட்டதுபோல. "உங்கிட்ட எப்படிம்மா சொல்றது? என் கண்ணு நல்லால்லைன்னா உன் கண்ணும் நல்லால்லைன்னுதானே ஆகும்?"

அவள் கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்து சிரித்தாள். கிளினிக்கைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டினாள். அவரும் சிரித்த சிரிப்பில் ஒரு பிளாஸ்திரி பிய்ந்துகொண்டது.

"ஒரு கடை ஷட்டர் விழுந்துடுச்சுப்பா."

"போடி கழுதை. வியாழக்கிழமை நீ போ. சின்னவ."

"நீங்க போங்க. இல்லைன்னா இன்னொரு இடம் கேட்டுப் பாக்கறேன். ஒண்ணாவே பண்ணிக்கலாம்."

"ரெண்டு பேரும் கண்ணு வீங்கிக் கிடந்தா யாருக்கு யார் ஐஸ் வைக்கிறது? நீ என் மூக்குல வைப்பே."

பிய்ந்த பிளாஸ்திரியை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "அடுத்த மாசம் ரிட்டயர் ஆனவங்க கூட்டம் இருக்கு. மெமோ கொடுத்த அந்த ஆளும் வருவாரு. ஒரே ஒரு தடவை அவரு முன்னாடி முழிச்சிக்கிட்டு நிக்கணும்மா" என்றார்.

அதற்குமேல் வாதாட என்ன இருக்கிறது? நாலரைக்கு இருவரும் கிளினிக்கில் இருந்தார்கள். டாக்டர் அப்பாவின் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவருக்குப் பாதிப் பார்வையை மறைக்குது. உங்களுக்கு முன்னாடி இவருக்குத்தான் பண்ணணும்" என்றார். வியாழக்கிழமை அப்பாவுடையதானது.

தையல் பிரித்த மறுநாள் தெருவில் இறங்கினார்.

"எதிர் வீட்டு மாடியில தண்ணித் தொட்டி எப்ப வெச்சாங்க?"

"பன்னெண்டு வருஷம் ஆச்சுப்பா."

கூட்டத்தில் சூப்பர்வைசர் கை குலுக்கி, "எந்தப் பிரிவு?" என்று கேட்டாராம். அப்பா பேர் சொன்னார், வாசல் சொன்னார், வருஷம் சொன்னார், ஒன்றும் பிடிபடவில்லை. வேறு வழியில்லாமல் இமையைப் பாதி இறக்கிக் காட்டினார். "அட, தூங்குமூஞ்சி! நீயா!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டாராம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அப்பா இந்தக் கதையைச் சொன்னார். சொல்லும்போதெல்லாம் இமையை இறக்கியும் காட்டினார்.

பிறகு தினமும், "உனக்கு எப்போ? நான் ஐஸ் வைக்கத் தயார்" என்பார். கடைக்கு வெள்ளையடித்து முடியட்டும் என்பாள். புது ஆள் வேலை பழகட்டும் என்பாள். இப்போது அவரிடம் மறைக்க ஒன்றுமில்லை, வெறும் சோம்பல்தான். கடைசியில் அவரே கிளினிக்குக்குப் போய்ப் படிவம் வாங்கி வந்தார்.

புதுக் கண்களோடு அப்பா பதினோரு மாதம் இருந்தார். மாரடைப்பு.

மூன்று வாரம் கழித்து அவள் டாக்டரிடம் போனாள். "அழுது வீங்கின இமையில கை வைக்கக் கூடாதும்மா. வடியட்டும். எப்பன்னு நீங்களே வந்து சொல்லுங்க" என்றார்.

படிவத்தோடு முகத்தின் மூன்று புகைப்படங்கள் வைக்க வேண்டும். முன்பக்கமும் இடப்பக்கமும் அப்பா இருந்தபோதே எடுத்துக் கொடுத்துவிட்டார். வலப்பக்கம் இன்னும் எடுக்கவில்லை.